பேச்சு விடாத கடையாணி

கிரீச்… கடக். கிரீச்… கடக்.

பேச்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா சோறு பிசைந்து ஊட்டுகிற வேளையில் தூரத்திலிருந்து வந்த சத்தம் அது. அது காதில் விழுந்ததும் அம்மாவின் கை பாதி வழியில் நின்றுவிடும். அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். அடுத்த வீட்டில் சிரிப்பு நிற்கும், அதற்கடுத்த வீட்டில் சண்டை நிற்கும். தெருக்கோடியில் யாரோ ஒருவர், "நம்ம மகாராசா நூறு வருசம் நல்லா இருக்கணும்!" என்று உரக்கச் சொல்வார். வண்டி வரும், வாசல்களைத் தாண்டும், போகும். கடைசிக் கடக் தேய்ந்து மறைந்த பிறகுதான் அம்மாவின் கை மறுபடியும் வாய்க்கு வரும். அதற்குள் சோறு ஆறியிருக்கும்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். ம் கொட்டிக்கொண்டே வர வேண்டும். ம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

ஒரு மலை இருந்ததாம், மலைக்குக் கீழே ஒரு பெரிய குளம், குளத்துக்குக் கீழே ஓர் ஊர். அந்த ஊருக்கு ஒரு ராஜா. அவனுக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு, ஆனாலும் ஊரார் காதுராஜா என்றுதான் சொல்வார்கள், அதையும் இந்தப் பக்கம் பார்த்து அந்தப் பக்கம் பார்த்துத்தான் சொல்வார்கள். அவனுக்கு யானை வேண்டாம், சேனை வேண்டாம், பாட்டு வேண்டாம், கூத்து வேண்டாம். தன்னைப் பற்றி ஊரார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஒரே ஆசை அவனைக் கறையான் மாதிரி அரித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டியைப் பூட்டச் சொல்லி, தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் காதைச் சாய்ப்பான்.

நடந்து போனால் என்ன என்கிறீர்களா? ராஜா கால் தெருமண்ணில் படக் கூடாது என்று அவர்கள் வம்சத்தில் ஒரு சாத்திரம். கால்தான் படக் கூடாது, காது எங்கே வேண்டுமானாலும் படலாம்.

எந்த வாசலில் கேட்டாலும் புகழ்ச்சிதான். ராஜா பூரித்துப் போவான். ஒருநாள் வண்டியோட்டி கொம்பையாவிடம், "பாத்தியா கொம்பையா, சனங்களுக்கு என் மேல எவ்வளவு பிரியம்!" என்றான். கொம்பையா வெள்ளை மனசுக்காரர். "வண்டிச் சத்தம் அரை மைலுக்குக் கேக்குமே மகாராசா, பிரியத்தை எடுத்து வைக்க நேரம் வேணாமா" என்று சொல்லிவிட்டார்.

ராஜா முகம் கறுத்தது. "அப்ப இத்தனை வருசமா நான் கேட்டதெல்லாம் இந்த வண்டிக்குப் பாடின பாட்டா?"

உடனே ஆளனுப்பி இசக்கியாசாரியைக் கூட்டிவரச் சொன்னான். இசக்கியாசாரி அந்த ஊரில் வண்டி செய்கிறவர். நம்ம பேச்சி வளர்ந்து, அவருக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் ஆசாரி வீட்டில் பிறந்தவள், துருத்தி ஊதுவாள், சக்கரத்துக்கு இரும்புப் பட்டை காய்ச்சுகையில் கூடப் பிடிப்பாள். மயிலு என்று ஒரு கைக்குழந்தை அப்போதுதான் பிறந்திருந்தது.

"இசக்கி, எனக்குச் சத்தமே இல்லாத வண்டி வேணும்" என்றான் ராஜா.

"சத்தத்தைக் கொறைக்கலாம் மகாராசா. ஆனா கடையாணிக்குப் பேச்சு விட்டுத்தான் ஆகணும். பேச்சு விடாத வண்டியை எங்க வம்சத்துல யாரும் செஞ்சதில்லை."

கடையாணி தெரியுமா உங்களுக்கு? சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் நுனியில் குத்தி வைக்கிற இரும்பு ஆணி. அதை இறுக்கி அறைய மாட்டார்கள். ஒரு நெல் நுழைகிற அளவு இடம் விடுவார்கள். சக்கரம் சுற்றும்போது அதன் நடுக்கட்டையான குடம் வந்து ஆணியைத் தட்டும், கடக் என்று. ஆணிக்குப் பேச்சு விடுவது என்று ஆசாரி வீடுகளில் அதற்குப் பெயர்.

"பேச்சா?" என்றான் ராஜா. "என் வண்டியிலயே எனக்குத் தெரியாம ஒருத்தன் பேசுறானா?"

இசக்கியாசாரி சிரித்துவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். அரண்மனைக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. அங்கே போனவர்கள் குரல் மேலே வராது, மேலே அழுகிறவர்கள் குரல் கீழே போகாது. அவரை அங்கே இறக்கிவிட்டு, பேச்சியைக் கூப்பிட்டனுப்பினான் ராஜா.

"உன் புருசனுக்கு வாய் நீளம். உனக்குக் கை எப்படி?"

"கை இருக்கு மகாராசா. என் வீட்டுக்காரர் எங்க?"

"கீழ இருக்கான். வண்டி சத்தமில்லாம வந்தா, அவன் சத்தமில்லாம வீட்டுக்கு வருவான். இல்லேன்னா, அங்கேயே சத்தமில்லாம இருப்பான்."

பேச்சி என்ன செய்வாள்? குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், குடமும் அச்சும் ஒரு பக்கமாக உரசி உரசி அச்சு கோணித் தேய்ந்திருந்தது. நோவு வந்த இடம் அதுதான். அச்சை இழைத்து நேராக்கினாள், வைக்கோலைக் கரித்து ஆமணக்கெண்ணெயில் குழைத்து மை போட்டாள், குடத்துக்கும் அச்சுக்கும் நடுவில் எருமைத்தோல் வளையம் கொடுத்தாள். மாட்டுக் கழுத்து மணியை அவிழ்த்தாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தென்னைநார் திணித்தாள்.

கிரீச் போயிற்று. சொல்லுங்கள், ம்.

அன்று சாயங்காலம் செக்கடியில் கூத்தையா செட்டியார் உட்கார்ந்து, "நம்ம ராசா காதை அறுத்து முறமாக்கினா ஒரு கோட்டை நெல்லு பொடைக்கலாம்" என்று சொல்லி, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தி, கடைசியில் செட்டியார் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் திரும்பிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வண்டி நின்றுகொண்டிருந்தது.

அவரும் கீழே போனார்.

பேச்சி அரண்மனை வாசலுக்கு ஓடினாள். "மகாராசா, சத்தம் போயிருச்சு. என் வீட்டுக்காரரை விட்டுருங்க."

"விடுவேன், விடுவேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

அந்தக் கொஞ்ச நாளில் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. பேச்சிக்கு அடுத்த வீட்டு வடிவு வெண்கலத் தட்டில் கடுகைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் தொடாமலே கடுகு ஆடியது. தட்டில் மெல்லத் துள்ளி, ஓரமாகப் போய்க் கூடியது. என்ன இது என்று அவள் நிமிர்ந்த கொஞ்ச நேரத்தில் வண்டி வாசலைத் தாண்டிப் போனது. சத்தம் போனாலும் நிலத்தின் நடுக்கம் போகவில்லை. அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு வாசலோரம் ஒரு வெண்கலத் தட்டு, தட்டில் ஒரு பிடி கடுகு. பேசுகிறவர்கள் ஒரு கண்ணைக் கடுகு மேலேயே வைத்துக்கொண்டு பேசினார்கள். "ஏட்டி, கடுகு ஆடுது" என்று ஒருத்தி சொன்னால் போதும், ஊரே, "மகாராசா நல்லா இருக்கணும்" என்று பாடும்.

ஆனால் ஒருநாள் ஒருத்தி அதைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டாள். ராஜாவுக்குக் கடுகும் தெரிந்துபோயிற்று.

"கிரீச்சை எடுத்தே, நடுக்கத்தை விட்டுட்டே" என்றான் பேச்சியிடம். "அதையும் எடு. அப்பத்தான் உன் புருசன்."

மறுபடியும் பேச்சி வண்டிக்கு அடியில் புகுந்தாள். இரும்புப் பட்டைக்கு மேல் தோல், தோலுக்கு மேல் வைக்கோல், வைக்கோலுக்கு மேல் இன்னொரு தோல் என்று சக்கரத்துக்கு மெத்தை தைத்தாள். ராஜா உட்காருகிற பெட்டியை அச்சின் மேல் நேராக வைக்காமல் தோல்வாரில் தொங்கவிட்டாள், தொட்டில் மாதிரி. மாட்டுக் கால்களுக்குத் தோல்சட்டை மாட்டினாள். தைக்கத் தைக்க அவள் கை நடுங்கியது. வண்டியின் நடுக்கமெல்லாம் தன் கைக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தாளாம்.

கடுகு ஆடுவது நின்றது. தட்டில் கடுகு கிடந்தபடி கிடக்க, வாசல்களில் வண்டி வந்து நின்றது. கடுகை நம்பிப் பேசியவர்கள் கீழே போனார்கள். ஊரார் பேச்சியோடு பேசுவதை விட்டார்கள். யாரும் யாரோடும் பேசாத ஊரில் அது பெரிதாகத் தெரியவில்லை.

பேச்சி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். பெரிய சத்தம் போன பிறகுதான் சின்னச் சத்தம் காதில் விழும். கிரீச்சும் போய் அதிர்வும் போன பிறகு, இத்தனை நாளும் அவற்றுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒன்று மிச்சமாக நின்றது. கடக். ஆணியின் பேச்சு. பல்லி சொல்வது மாதிரி அவ்வளவு சின்னதாக. அவள் அதை வடிவிடம் சைகையால் காட்ட, வடிவு இன்னொருத்தியிடம் காட்ட, பல்லிச் சத்தம் கேட்டால் வாயை மூட வேண்டும் என்று ஊர் கற்றுக்கொண்டது. நிஜமான பல்லிகள் சொன்னாலும் வாயை மூடினார்கள். அந்த ஊரில் பல்லிகளுக்கு அப்போது இருந்த மரியாதை ராஜாவுக்குக் கூட இல்லை.

ஒருநாள் பேச்சி தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசிச் சத்தம் போடுகிறதென்று அதற்கும் எண்ணெய் விட்டிருந்தாள். தாலாட்டு இல்லை. மயிலு விழித்தபடியே படுத்திருந்தது. அதற்குப் பசித்தால் வாயைத் திறந்து முகம் சிவக்க அழும், ஆனால் சத்தம் வராது. ஊரில் அந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படி அழக் கற்றுக்கொண்டிருந்தன.

கடக்.

பேச்சி சுவரைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், விளக்கு மாடத்தைப் பார்த்தாள். சுவரில் பல்லி இல்லை.

மெல்லத் திரும்பினாள். வாசல் நிலைக்குள் ஒரு தலை மட்டும் நீண்டிருந்தது. கால் மண்ணில் படாமல், வண்டியில் இருந்தபடியே எக்கி, ராஜா வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ.

"சுவத்துல என்ன தேடுறே பேச்சி?"

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லியையா? அது என் வண்டியில இருக்கு. அதைக் கொல்லணும்."

"மகாராசா," என்றாள் பேச்சி, வராத குரலை இழுத்து வரவழைத்து. "அது ஆணியோட பேச்சு. அது எங்களுக்காகப் பேசலை, உங்களுக்காகத்தான் பேசுது. ஆணி தேஞ்சா சத்தம் மாறும், கழண்டா சத்தம் நிக்கும். அதைக் கேட்டுத்தான் வண்டியோட்டி இறங்கிப் பாப்பான். வண்டிக்கு அதுதான் நாடி. அதை நிறுத்தினா உள்ள என்ன நோவுன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்."

"பயம் காட்டுறியா?"

"பயந்து கெடக்கிறவ எங்கே மகாராசா பயம் காட்டுறது? என் வீட்டுக்காரர் சொன்னதைத்தான் சொல்றேன்."

"சொன்னவன் எங்கே இருக்கான்?"

"அப்ப யாருக்குமே பேச்சு இருக்கக் கூடாதா மகாராசா?" என்றாள் பேச்சி.

"யாருக்கும் பேச்சு இருக்கக் கூடாது" என்றான் ராஜா.

"ஆணிக்குமா?"

"ஆணிக்கும்."

"வண்டியோட்டிக்குமா?"

ராஜா கொம்பையாவைத் திரும்பிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். "இனிமே வண்டியில ஏறினா இவனுக்கும்."

மூன்று முறை அவள் கேட்டாள், மூன்று முறையும் அவன் சொன்னான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சி ஆணிக்கும் குடத்துக்கும் நடுவில் இருந்த அந்த நெல்லளவு இடத்தில் மெழுகில் தோய்த்த ஆட்டுமயிரைத் திணித்தாள். அதன் மேல் தோல் போட்டுத் தைத்தாள். தைத்து முடித்துவிட்டுக் கொம்பையாவிடம் கிசுகிசுத்தாள்: "அண்ணே, அப்பப்பத் தையலைப் பிரிச்சு ஆணியைப் பாத்துக்கோங்க." கொம்பையா தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாமல். பிரித்தால் சத்தம் வந்துவிடும் என்று ராஜா அவரைத் தொடவே விடவில்லை.

அன்று முதல் அந்த வண்டி நிழல் போகிற மாதிரிப் போனது. இசக்கியாசாரி வரவில்லை. "அவன் வெளிய வந்தா பேசுவானே" என்று ராஜா சொல்லிவிட்டான்.

ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டது. கடுகும் இல்லை, பல்லியும் இல்லை, எந்த நேரம் எந்த வாசலில் அந்தத் தலை நீளும் என்று தெரியாது. உலக்கைக்குத் துணி சுற்றிக் குத்தினார்கள். கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டார்கள். செத்தவர் வீட்டில் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதார்கள்.

இப்போது ராஜாவுக்குக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. அவனுக்கு அது பொறுக்கவில்லை. புகழ்ச்சியாவது கேட்டுக்கொண்டிருந்த காது அல்லவா, பட்டினி கிடந்தது. அதனால் அவன் ஒரு வேலை செய்தான். வடிவு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, குரலை மாற்றி, "ஐயோ, யாராவது காப்பாத்துங்களேன்!" என்று முனகினான்.

வடிவுக்கு மனசு கேட்கவில்லை. கதவைத் திறந்து, "யாரு பெத்த புள்ளையோ, அந்தப் பாவி என்ன செஞ்சான் உன்னை?" என்றபடி ஓடிவந்தாள்.

அவளும் கீழே போனாள். எங்கே ம்? பயமாக இருக்கிறதா? கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து வெளியே யார் கூப்பிட்டாலும் எவரும் கதவைத் திறப்பதில்லை.

மழை வந்தது. குளம் நிறைந்தது. மெழுகுக்குள்ளே, தோலுக்குள்ளே, யாருக்கும் தெரியாமல் ஆணி தேய்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு நடந்ததைக் கொம்பையா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார். குளத்தங்கரை மேல் போய்க்கொண்டிருக்கையில் வலது சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்வதைப் பார்த்தாராம். பழைய வண்டியாக இருந்தால் இரண்டு தெருவுக்கு முன்னாலேயே கடக் நின்றிருக்கும், இறங்கிப் பார்த்திருப்பார். திரும்பி வாயைத் திறந்தாராம். ராஜா விரலை உதட்டில் வைத்தானாம். மறுபடியும் திறந்தாராம். ராஜா கீழே என்று விரலைக் காட்டினானாம். மூன்றாம் முறை கொம்பையா வாயைத் திறக்கவே இல்லை. சக்கரம் சத்தமில்லாமல் கழன்றது, சத்தமில்லாமல் உருண்டு தண்ணீரில் இறங்கியது. வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து, கரைக்குக் கீழே மடைச்சேற்றில் விழுந்தது. அந்த அழகான தொங்குபெட்டி, தோல்வாரோடு, ராஜாவின் மேல் கவிழ்ந்தது.

பேச்சி வீட்டில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டது.

"ஐயோ! யாராவது காப்பாத்துங்களேன்!"

விரலில் எண்ணெயோடு அப்படியே நின்றாள்.

"நான்தான்! ராசா! சேத்துல முங்குறேன்! வாங்களேன்!"

பேச்சி கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். இந்தக் குரலில்தானே வடிவைக் கூப்பிட்டான்? இதே ஐயோ, இதே காப்பாத்துங்க. குழந்தை தொட்டிலில் இருந்து அவளையே பார்த்தது. திறந்து, அவன் தலை அங்கே நீண்டிருந்தால்? அவளும் கீழே போனால் இந்தப் பிள்ளைக்கு யார்?

தெருவில் ஒரு கதவு லேசாக அசைந்தது, மறுபடியும் மூடிக்கொண்டது. இன்னொரு கதவு. இன்னொரு கதவு. எல்லார் வீட்டிலும் தாழ்ப்பாளில் ஒரு கை இருந்தது. எந்தக் கையும் அசையவில்லை.

குரல் கத்தியது, கெஞ்சியது, அழுதது. அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "பேச்சி! ஏ பேச்சி!" அவளுக்கு உடம்பெல்லாம் ஆடியது, வெண்கலத் தட்டில் கடுகு மாதிரி. குழந்தையைத் தூக்கி மடியில் போட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்து, அதன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தன் காதைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. அதனால் கடைசிவரை கேட்டாள்.

பொழுது விடிந்து, வெகுநேரம் கழித்து, ஒரு கிழவர் கதவைத் திறந்தார். குளத்தங்கரையில் கொம்பையா உட்கார்ந்திருந்தார், ஒரு கை ஒடிந்து தொங்க, இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்தபடி. கீழே சேற்றில் வண்டி கிடந்தது. பெட்டிக்கு வெளியே ராஜாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சாத்திரத்துக்கு மாறாக, முழுக்க மண்.

யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவில்லை. நெடுநேரம் கழித்து, கூட்டத்தில் ஒருத்தி, "செத்துட்டானா?" என்று உரக்கக் கேட்டாள். அவள் குரலுக்கே அவள் பயந்துபோனாள்.

அரண்மனைக் காவல்காரர்கள் தாங்களாகவே சாவியைக் கொண்டுவந்து நீட்டினார்களாம். அவர்களும் அத்தனை நாளாக வீட்டில் பேசாமல் இருந்தவர்கள்தானே. நிலவறையிலிருந்து கூத்தையா செட்டியார் வந்தார், வடிவு வந்தாள், கண்ணைக் கைகளால் மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் இசக்கியாசாரி வந்தார். தாடி மார்பு வரைக்கும் இருந்தது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. குளத்தங்கரைக்குப் போய், தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்ட சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, தோலைக் கிழித்து, மெழுகை நோண்டி எடுத்தார். ஆணி இருந்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு துண்டு மட்டும் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேச்சியைப் பார்த்தார்.

"பேச்சு விடலையா நீ?"

"கேட்டேன். மூணு தரம் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு."

அவர் அந்தத் துண்டைக் குளத்தில் எறிந்தார். க்ளுக் என்று ஒரு சத்தம். அவள் அதற்குத் திடுக்கிட்டாள். அவரும்தான்.

ஊராரின் வாயைக் கட்டினவனுக்கு, உன் சக்கரம் கழலுது என்று சொல்ல ஆள் இருக்காது. அவ்வளவுதான் நீதி.

அப்புறம் அந்த ஊர் வண்டிகளெல்லாம் மாட்டு மணியும் கடையாணிச் சத்தமுமாகப் போயின, வந்தன. உலக்கைத் துணியை அவிழ்த்தார்கள், கிணற்று ராட்டினம் கத்தியது. பேச்சி ஒவ்வொரு பாட்டாக நினைவுபடுத்திப் பாடினாள். கதை ஊர் வந்து சேர்ந்தது, மாட்டை அவிழ்த்தாயிற்று, நுகத்தடியைச் சுவரில் சாய்த்தாயிற்று.

குழந்தை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மயிலு வளர்ந்தாள், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பெற்றாள், பல்லெல்லாம் விழும் வரைக்கும் இருந்தாள். ஆனால் கடைசிவரை மெதுவாகத்தான் பேசினாள். அவள் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் பக்கத்தில் போய், குனிந்து, வாயருகே காதை வைக்க வேண்டும்.